நூற்றுப் பதினெட்டாவது கட்டம்

எங்கள் தொழிலில் ஊதுவது கொஞ்சம்,
எண்ணுவதுதான் அதிகம்.
வயலின்காரர்கள் மாலை முழுக்க வியர்ப்பார்கள்.
நானும் போஹ்தானாவும்
டிரம்பெட்டை மடியில் கிடத்திக்கொண்டு
காலிக் கட்டங்களை எண்ணிக்கொண்டிருப்போம்.
அதற்கும் சம்பளம் உண்டு.

இருபத்திரண்டு வருடம்
அவளுக்கு இடப்பக்கத்து நாற்காலி என்னுடையது.
அவள் முதல் டிரம்பெட், நான் இரண்டாவது.
அவள் ஏறுவாள், நான் ஏணியைப் பிடிப்பேன்.

அவள் வேலைக்குச் சேர்ந்த கதை
ஒஸ்ட்ராவாவில் பிரசித்தம்.
திரைக்குப் பின்னால் தேர்வு.
தம்பியின் உருக்காலை பூட்ஸை மாட்டிக்கொண்டு
தட்தட்டென்று நடந்துபோய் ஊதினாள்.
திரை விலகியதும் நடுவர் ஒருவர்
"ஊதிய ஆள் எங்கே?" என்றாராம்.
"கழற்றட்டுமா?" என்று பூட்ஸைக் காட்டினாளாம்.
பாதி கட்டுக்கதையாக இருக்கலாம்.
பூட்ஸ் நிஜம். நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு ஜனவரியில்
மேடைக்கு வெளியிலிருந்து ஊதவேண்டிய அழைப்பு.
பின்படிக்கட்டில் நின்றோம்.
குளிர்ந்தால் சுருதி இறங்கிவிடும் என்று
டிரம்பெட்டைக் கோட்டுக்குள்
திருடிய கோழியைப்போல் ஒளித்து வைத்திருந்தாள்.
கதவை ஒருக்களித்துப் பிடிப்பது என் வேலை.
அவள் ஊதியதிலேயே ஆகச் சிறந்த பதினாறு கட்டங்களை
நானும் ஒரு துடைப்பமும் வாளியும்
நேரில் பார்த்தோம்.
உள்ளே ஆயிரம் பேர் கேட்டார்கள்,
அது வேறு.

செவ்வாய்க்கிழமைகளில் இசைக்கல்லூரியில் பாடம்.
முதல் மாதம் யார் கையிலும் கருவி கிடையாது.
எண்ணச் சொல்வாள்.
ஜன்னலுக்கு வெளியே டிராம் உராயும்,
யாரோ யாரையோ திட்டுவார்கள்,
எண்ணிக்கை நழுவக்கூடாது.
ராடிம் என்றொருவன் மூன்று வருடம் எண்ணினான்.
உதடு கடைசிவரை வசப்படவில்லை.
இப்போது எட்டாம் எண் டிராம் ஓட்டுகிறான்,
நிறுத்தத்துக்கு நொடி பிசகாமல் வருகிறானாம்.
"என்னிடம் படித்தவர்களில் தேறியவன் அவன்தான்"
என்பாள்.
கேலியா என்று கேட்கத் துணிந்ததில்லை.

சொல்ல வந்தது இதையெல்லாம் அல்ல.

எண்பத்தொன்றாம் வருடம், நவம்பர்.
நூற்றுப் பதினெட்டுக் கட்டம் ஓய்வு.
எங்களுக்குள் ஓர் ஏற்பாடு:
நூறு வந்ததும்
என் முழங்கால் அவள் முழங்காலை ஒருமுறை தொடும்.
கணக்கைச் சரிபார்க்கத்தான்.
அன்று என் வீட்டில்
யிட்கா பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள்,
திரும்பி வருகிற பயணத்துக்கு அல்ல.
நான் எண்ணியது கட்டங்களையா
யிட்கா மடித்துவைத்த சட்டைகளையா, தெரியாது.
தொண்ணூற்றொன்பதில் தொட்டுவிட்டேன்.

போஹ்தானா தன் கணக்கை விட்டுவிட்டு
என் முழங்காலை நம்பினாள்.
நூற்றுப் பதினெட்டாவது கட்டத்தில்,
அரங்கமே மூச்சைப் பிடித்திருந்த இடத்தில்,
ஒற்றைச் சுரம்.
தன்னந்தனியாக.

செல்லோக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
கண்டக்டரின் கோல் பாதியில் நின்றது.
தவறென்று அவளுக்கும் தெரிந்துவிட்டது.
சுரம் நடுங்கவில்லை.
மற்றவர்கள் எல்லோரும் வந்துசேரும்வரை
அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்,
கடைசிப் பயணிக்காகக் கதவைப் பிடித்திருப்பவளைப்போல.

இடைவேளையில் கண்டக்டர் கத்தினார்.
"என் கணக்குப் பிசகு" என்றாள்.
என் பக்கம் திரும்பக்கூட இல்லை.
அந்த வருடச் சம்பள உயர்வு
அவளுக்கு வரவில்லை.
எனக்கு வந்தது, வாங்கிக்கொண்டேன்.

மறுவாரம் அதே இசை.
முழங்காலை ஒடுக்கி வைத்துக்கொண்டேன்.
நூறாவது கட்டத்தில்
அவளுடையது தானாக நகர்ந்து வந்து
பக்கத்தில் காத்திருந்தது.

பிறகு அவளுக்கு முன்பல் ஆடத் தொடங்கியது.
மேல்சுரங்கள் ஒவ்வொன்றாய் விடைபெற்றன.
ஒரு வெள்ளிக்கிழமை பெட்டியை மூடினாள்,
கேக்கூட வெட்டவிடவில்லை.
அவள் நாற்காலிக்கு அடியில்
டிரம்பெட்டின் நீர் சொட்டிச் சொட்டி
பலகை வட்டமாய் வெளுத்திருக்கிறது.
புதிதாய் வந்த பையன் "எச்சில்" என்று முகம் சுளித்தான்.
பெரும்பாலும் மூச்சுதான் என்றேன்.
அவனுக்கு அதில் வித்தியாசம் தெரியவில்லை.

போன ஞாயிறு
ஆற்றுக்கு அந்தப்பக்கம் அவள் வீட்டில் சீட்டாட்டம்.
எப்படியாவது சொல்லிவிடலாமென்று
"போஹ்தானா, அந்த நவம்பர்" என்று ஆரம்பித்தேன்.
"உன் முறை" என்றாள்,
கையிலிருந்த சீட்டைப் பார்த்தபடி.